கோடு இரண்டு ஷீட்டிலும் இருக்கிறது, விலுக்அப் மட்டும் இல்லை என்கிறது. எங்கே பார்ப்பது?

கேள்வி இது: எக்செலில் ஒரு ஷீட்டில் பொருள் கோடும் (ஒவ்வொரு பொருளுக்கும் கொடுத்த குறியீடு) எண்ணிக்கையும் இருக்கின்றன. இன்னொரு ஷீட்டில் கோடும் விலையும். கோட்டைத் தேடி விலையை எடுத்துவரும் விலுக்அப் ஃபங்ஷனைப் போட்டுக் கீழே இழுத்தால் பெரும்பாலான வரிகளில் விலை சரியாக வருகிறது. சில வரிகளில் #என்/ஏ, அதாவது 'கிடைக்கவில்லை'. ஒன்றிரண்டு வரிகளில் வேறொரு பொருளின் விலை வந்து உட்கார்ந்திருக்கிறது. கண்ணால் பார்த்தால் கோடு இரண்டு பக்கமும் ஒன்றேதான். கடைசியில் போட்ட மொத்தமும் கால்குலேட்டரோடு ஒத்துப்போகவில்லை. தப்பு ஃபார்முலாவிலா, டேட்டாவிலா?

இரண்டிலும் இருக்கலாம், ஆனால் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ள வேண்டாம். தவறான விலை வருவது பெரும்பாலும் ஃபார்முலாவின் தவறு. #என்/ஏ வருவது பெரும்பாலும் டேட்டாவின் தவறு. மொத்தம் இடிப்பதற்குக் காரணம் இரண்டுமில்லாத மூன்றாவது ஒன்றாகவும் இருக்கும். முதலில் தவறான விலையைப் பாருங்கள். #என்/ஏ தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். தவறான விலை சத்தமில்லாமல் கணக்கில் கலந்துவிடும்.

(ஃபங்ஷன் பெயர்களையும் செல் முகவரிகளையும் இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். செல்லில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.)

சரியாக எழுதிய ஃபார்முலா இப்படி இருக்கும்:

=விலுக்அப்(ஏ2,விலை!$ஏ$2:$டி$200,3,ஃபால்ஸ்)

உங்களுடையதில் கடைசியில் உள்ள அந்த ஃபால்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். அதை விட்டுவிட்டால் எக்செலும் கூகுள் ஷீட்ஸும் அங்கே ட்ரூ இருப்பதாக எடுத்துக்கொள்ளும். ட்ரூ என்றால் 'தோராயமாகப் பொருந்தினால் போதும், பட்டியல் ஏறுவரிசையில் இருக்கிறது' என்று நீங்களே உத்தரவாதம் கொடுத்ததாக அர்த்தம். அந்த நம்பிக்கையில் அது மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகத் தேடாது. நடுவில் உள்ள மதிப்பைப் பார்க்கும். தேடுவது அதைவிடப் பெரியதென்றால் மேல்பாதியை முழுதாகத் தள்ளிவிட்டுக் கீழ்ப்பாதிக்குப் போகும். மறுபடி நடு, மறுபடி பாதி.

விலைப் பட்டியலில் கோடுகள் 101, 205, 150, 310, 275 என்ற வரிசையில் இருக்கின்றன என்று வையுங்கள். 150-ஐத் தேடினால் நடுவில் இருப்பதே அதுதான், உடனே சிக்கிவிடும். 101-ஐத் தேடினால் 150-ஐவிடச் சிறியது என்று மேல்பாதிக்குப் போய் எடுத்துவிடும். 205-ஐத் தேடுங்கள். நடுவில் 150, அதைவிட 205 பெரியது, ஆகவே கீழே உள்ள 310, 275 இரண்டில் மட்டும் தேடும். இரண்டுமே 205-ஐவிடப் பெரியவை. 'தேடியதைத் தாண்டாத, கடைசியாகப் பார்த்த மதிப்பு' 150 என்று முடிவுகட்டி, அதன் விலையைக் கொண்டுவந்து வைத்துவிடும். 205 இரண்டாவது வரியிலேயே இருக்கிறது. அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்கவில்லை. பல வரிகள் சரியாக வந்து ஒன்றிரண்டு மட்டும் தவறுவது இதனால்தான். பட்டியலை ஏறுவரிசைப்படுத்தினாலும் முழுத் தீர்வு கிடைக்காது. பட்டியலில் இல்லாத கோடு ஒன்றைத் தேடினால் 'இல்லை' என்பதற்குப் பதில் அதற்கு முந்தையதன் விலை வரும்.

தோராயத் தேடல் வேண்டிய இடமும் உண்டு. மதிப்பெண்ணுக்குத் தரம், எண்ணிக்கைக்கு ஏற்பத் தள்ளுபடி போன்ற அடுக்குக் கணக்குகள். 0, 35, 60, 80 என்று ஒவ்வொரு அடுக்கின் தொடக்க எண்ணை மட்டும் ஏறுவரிசையில் எழுதி, எதிரே தரத்தை எழுதி, ட்ரூ போட்டால் 72-க்கு 60-இன் தரம் வரும். ஐந்தாறு இஃப் ஒன்றுக்குள் ஒன்று எழுதுவதைவிட இது மேல். அடுக்கு மாறினால் பட்டியலை மாற்றினால் போதும், ஃபார்முலாவைத் தொட வேண்டாம். தொடக்கத்தில் 0 எழுத மறந்தால் 35-க்குக் கீழ் உள்ளவர்கள் எல்லோருக்கும் #என்/ஏ வரும். கோடு, பெயர், எண் எதைத் தேடினாலும் ஃபால்ஸ் கட்டாயம்.

அடுத்தது டாலர் குறி. விலை!ஏ2:டி200 என்று டாலர் இல்லாமல் எழுதிக் கீழே இழுத்தால், 50-ஆவது வரிக்குப் போகும்போது அது விலை!ஏ50:டி248 ஆகியிருக்கும். பட்டியலின் முதல் 48 பொருள்கள் பார்வையிலிருந்தே போய்விடும். இதன் அடையாளம் தெளிவானது: மேல் வரிகள் சரியாக இருக்கும், கீழே போகப்போக #என்/ஏ பெருகும். ஃபார்முலாவில் அந்த முகவரிமேல் கர்சரை வைத்து எஃப்4 அழுத்தினால் $ஏ$2 என்று ஆகும். மறுபடி அழுத்த ஏ$2, பிறகு $ஏ2, பிறகு பழையபடி ஏ2. எழுத்துக்கு முன் டாலர் இருந்தால் நெடுவரிசை நகராது, எண்ணுக்கு முன் இருந்தால் வரி நகராது. வாய்ப்பாடு போல மேலே ஒரு தலைப்பு வரியும் இடப்பக்கம் ஒரு நெடுவரிசையும் இருந்தால் =$ஏ2*பி$1 என்று ஒரே ஒரு ஃபார்முலா எழுதி நான்கு பக்கமும் இழுக்கலாம். இதைப் பத்து நிமிடம் பழகிக்கொண்டால் மிச்சமாகும் நேரம் அதிகம்.

மூன்றாவது உறுப்பான 3-ஐயும் கவனியுங்கள். 'பட்டியலின் மூன்றாவது நெடுவரிசையிலிருந்து எடு' என்று அர்த்தம். யாராவது நடுவில் ஒரு நெடுவரிசையைச் செருகினால் விலை நான்காவதாகிவிடும். ஃபார்முலா மூன்றையே எடுத்துக்கொண்டிருக்கும். அங்கேயும் ஓர் எண் இருந்துவிட்டால் ஒருவருக்கும் சந்தேகம் வராது. இதைத் தவிர்க்கத்தான் இண்டெக்ஸ், மேட்ச் சேர்க்கை:

=இண்டெக்ஸ்(விலை!$சி$2:$சி$200,மேட்ச்(ஏ2,விலை!$ஏ$2:$ஏ$200,0))

மேட்ச் கோடு எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று சொல்கிறது; இண்டெக்ஸ் விலை நெடுவரிசையில் அந்த இடத்தில் உள்ளதை எடுக்கிறது. கோடு இடப்பக்கம்தான் இருக்க வேண்டும் என்ற விலுக்அப்பின் கட்டுப்பாடும் இதில் இல்லை. இரண்டு ரேஞ்சும் ஒரே வரியில் தொடங்குகின்றனவா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று $சி$1-இல் தொடங்கி மற்றது $ஏ$2-இல் தொடங்கினால் எல்லாப் பொருளுக்கும் அதற்கு மேல்வரியின் விலை வரும், பிழைச்செய்தி எதுவும் வராது. மேட்சின் கடைசி 0-வையும் விட்டுவிடாதீர்கள். விட்டால் அதுவும் தோராயத் தேடலுக்குப் போய்விடும்.

எக்ஸ்லுக்அப் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். துல்லியத் தேடல்தான் அதன் இயல்பு. நெடுவரிசை எண் தேவையில்லை. கிடைக்காவிட்டால் என்ன காட்ட வேண்டும் என்பதையும் உள்ளேயே சொல்லிவிடலாம். மைக்ரோசாஃப்ட் 365, எக்செல் 2021, கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆஃபிஸ் 24.8 முதல் உள்ள பதிப்புகளில் இருக்கிறது. எக்செல் 2016, 2019 வைத்திருப்பவருக்கு அந்த ஃபைலை அனுப்பினால் அவர் செல்லைத் திருத்தும் நொடியில் #நேம்? வரும். ஃபைல் யார் யார் கைக்குப் போகும் என்று தெரியாதபோது இண்டெக்ஸ், மேட்ச் எழுதுவதுதான் பத்திரம்.

ஃபார்முலா இவ்வளவும் சரி, இன்னும் #என்/ஏ வருகிறதா? இனி டேட்டா. செல்லில் கண்ணுக்குத் தெரிவது ஒரு வேஷம். உள்ளே சேமித்திருப்பது வேறாக இருக்கலாம், தேடல் உள்ளே இருப்பதைத்தான் பார்க்கும். பிரச்சினை உள்ள ஒரே ஒரு கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஷீட்டிலும் அது இருக்கும் செல்களைக் கண்டுபிடியுங்கள், ஏ15, விலை!ஏ88 என்று வைப்போம். காலியான செல்களில் இந்த ஐந்தையும் அடியுங்கள்:

=ஏ15=விலை!ஏ88
=ஐஎஸ்நம்பர்(ஏ15)
=ஐஎஸ்நம்பர்(விலை!ஏ88)
=லென்(ஏ15)
=லென்(விலை!ஏ88)

முதலாவது ஃபால்ஸ் என்று வந்தால் நோய் உறுதி. ஐஎஸ்நம்பர் ஒன்றுக்கு ட்ரூ, மற்றொன்றுக்கு ஃபால்ஸ் என்றால் ஒரு பக்கம் எண், மறுபக்கம் எழுத்து. லென் என்பது எழுத்துகளின் எண்ணிக்கை, அது வேறுபட்டால் கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எண்ணும் எழுத்தும் பிரச்சினையை முதலில் எடுப்போம். 4052 என்ற எண்ணும் '4052' என்ற எழுத்துச் சரமும் விலுக்அப்புக்கு வேறு வேறு. வேறு மென்பொருளிலிருந்து எக்ஸ்போர்ட் செய்த ஃபைலில் கோடு பெரும்பாலும் எழுத்தாக வரும். கையால் அடித்தது எண்ணாக இருக்கும். எழுத்தாக உள்ள எண் செல்லின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும், மூலையில் சின்னப் பச்சை முக்கோணமும் வரும். யாராவது அலைன்மென்ட்டை மாற்றியிருந்தால் முதல் அடையாளத்தை நம்ப முடியாது. இங்கே எல்லோரும் செய்வது, நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து ஃபார்மேட்டை 'நம்பர்' என்று மாற்றுவது. அதனால் ஒன்றும் ஆகாது. ஃபார்மேட் என்பது காட்டும் விதம் மட்டுமே, உள்ளே இருக்கும் எழுத்து எழுத்தாகவே இருக்கும். செல்லைத் திறந்து எண்டர் அடித்தால்தான் மாறும், ஆயிரம் வரிக்கு அப்படி உட்கார்ந்து அடிக்க முடியாது. அந்த நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, டேட்டா மெனுவில் 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்' திறந்து, எதையும் மாற்றாமல் நேராக 'ஃபினிஷ்' அழுத்துங்கள். மொத்தமும் எண்ணாகிவிடும். ஃபார்முலாவிலேயே முடிக்க நினைத்தால், தேடும் பக்கம் எழுத்து, பட்டியல் எண் என்றால் ஏ2-க்குப் பதில் ஏ2*1; தலைகீழாக இருந்தால் ஏ2&"" என்று எழுதுங்கள்.

எதை எதுவாக மாற்றுவது? அந்த மதிப்பை எப்போதாவது கூட்டவோ பெருக்கவோ போகிறீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அது எண் அல்ல, எண் வடிவில் உள்ள பெயர். இரண்டு பக்கமும் எழுத்தாகவே வையுங்கள். காரணம் இரண்டு. 004052 என்ற கோட்டை எண்ணாக எடுத்தால் முன்னால் உள்ள பூஜ்யங்கள் போய்விடும். ஏற்கெனவே போய்விட்டிருந்தால் =டெக்ஸ்ட்(ஏ2,"000000") என்று ஆறு இலக்கத்துக்கு மீட்டுவிடலாம், எல்லாக் கோடும் ஒரே நீளம் என்று தெரிந்தால் மட்டும். இரண்டாவது காரணத்துக்கு மீட்சியே இல்லை. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கம் வரைதான் வைத்துக்கொள்ளும். 16 இலக்க எண்ணை அடித்தால் கடைசி இலக்கம் 0 ஆகிவிடும். சேமித்த பிறகு அதை எந்த ஃபார்முலாவாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. அடிப்பதற்கு முன்பே செல்லை டெக்ஸ்ட் ஃபார்மேட்டுக்கு மாற்ற வேண்டும், அல்லது முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போட வேண்டும். சிஎஸ்வி ஃபைலை இரட்டைக் கிளிக்கில் திறக்காமல் இம்போர்ட் வழியாகக் கொண்டுவந்து, அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று குறிப்பிட வேண்டும். இந்தத் தானியங்கி மாற்றம் எவ்வளவு பேரைப் படுத்தியிருக்கிறது என்பதற்கு ஒன்று சொல்லலாம்: மார்ச்1, செப்ட்1 போன்ற மனித மரபணுக் குறியீடுகளை எக்செல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், மரபணுப் பெயர்க்குழு 2020-இல் அந்தக் குறியீடுகளையே மாற்றிவிட்டது. மென்பொருளை மாற்றுவதைவிட மரபணுக்களின் பெயரை மாற்றுவது சுலபமாகப் பட்டிருக்கிறது.

'ஒரு மதிப்பு எத்தனை முறை இருக்கிறது என்று எண்ணும் கவுண்ட்இஃப் போட்டுப் பார்த்தேன், 1 என்று வருகிறது, அப்படியானால் கோடு இருக்கிறது அல்லவா' என்று பலர் இந்த இடத்தில் குழம்புவார்கள். கவுண்ட்இஃப், சம்இஃப் இரண்டும் 4052 என்ற எண்ணையும் '4052' என்ற எழுத்தையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். விலுக்அப், மேட்ச் அப்படி எடுத்துக்கொள்ளாது. கவுண்ட்இஃப் 1, விலுக்அப் #என்/ஏ என்ற சேர்க்கை வந்தாலே எண், எழுத்துச் சிக்கல்தான் என்று முடிவுக்கு வரலாம். கவுண்ட்இஃப்பின் இந்தத் தாராளம் இன்னொரு பக்கம் கடிக்கும். 16 இலக்கக் கோடுகளை ஒழுங்காக எழுத்தாகவே வைத்திருந்தாலும், கவுண்ட்இஃப் அவற்றை எண்ணாக்கி 15 இலக்கம்தான் பார்க்கும். கடைசி இலக்கம் மட்டும் வேறுபடும் இரண்டு கோடுகளை 'டூப்ளிகேட்' என்று சொல்லிவிடும். அங்கே =சம்ப்ராடக்ட்(--($ஏ$2:$ஏ$500=ஏ2)) சரியான எண்ணிக்கை தரும்.

இனி கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள். கடைசியில் ஒரு ஸ்பேஸ் ஒட்டியிருப்பது மிகச் சாதாரணம். டிரிம் அதை நீக்கிவிடும். வலைப்பக்கத்திலிருந்து காப்பி செய்தது என்றால் டிரிம் போட்ட பிறகும் லென் குறையாது. காரணம், அங்கே இருப்பது 160 என்ற எண்ணுடைய ஸ்பேஸ். டிரிம் நீக்குவது 32 எண்ணுடைய சாதாரண ஸ்பேஸை மட்டும். கடைசி எழுத்து என்ன என்று =யூனிகோட்(ரைட்(ஏ15,1)) கேட்டுப் பாருங்கள். 32 வந்தால் டிரிம் போதும். 160 வந்தால், ஓர் எழுத்தை எடுத்துவிட்டு இன்னொன்றை வைக்கும் சப்ஸ்டிடியூட் வேண்டும். 10 அல்லது 13 வந்தால் வரி முறிப்பு, அதற்கு கிளீன். 8203 வந்தால் அகலமே இல்லாத ஸ்பேஸ். அதையும் சப்ஸ்டிடியூட்டால்தான் எடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு துணை நெடுவரிசையில் இப்படி:

=டிரிம்(கிளீன்(சப்ஸ்டிடியூட்(சப்ஸ்டிடியூட்(ஏ2,யூனிகேர்(160)," "),யூனிகேர்(8203),"")))

யூனிகேர் (UNICHAR) எண்ணைக் கொடுத்தால் அதற்குரிய எழுத்தைத் தரும். 160-க்குப் பதில் வெற்றிடம் வைக்காமல் சாதாரண ஸ்பேஸ் வைத்திருப்பதைக் கவனியுங்கள். இரண்டு சொற்களுக்கு நடுவில் அது இருந்தால் சொற்கள் ஒட்டிவிடக் கூடாது. ஓரத்தில் இருப்பதை டிரிம் பார்த்துக்கொள்ளும். இந்தச் சுத்தம் இரண்டு ஷீட்டுக்கும் வேண்டும். தேடும் பக்கம் மட்டும் துடைத்துவிட்டு, பட்டியல் பக்கம் அழுக்கோடு இருந்தால் #என்/ஏ இன்னும் கூடத்தான் செய்யும். இன்னொன்று: இந்த ஃபார்முலாவின் விடை எப்போதும் எழுத்துதான். எண்ணாக இருந்த கோடும் இதற்குள் நுழைந்தால் எழுத்தாகித்தான் வெளியே வரும்.

தேடுவது தமிழ்ப் பெயர்கள் என்றால் கூடுதலாக ஒன்று. 'கொ' என்ற எழுத்து யூனிகோடில் க-வும் ொ என்ற ஒரே குறியும் சேர்ந்ததாக இருக்கலாம். க, ெ, ா என்று மூன்று துண்டாகவும் இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். 'கொடி' என்ற சொல்லுக்கு லென் முதல் வகையில் 4, இரண்டாவதில் 5. வெவ்வேறு மென்பொருளிலும் எழுத்துரு மாற்றியிலும் புழங்கிய பட்டியல்களில் இந்தக் கலப்பு இருக்கும். தேடுவதற்கு முன் இரண்டு பக்கத்தையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவாருங்கள்: =சப்ஸ்டிடியூட்(ஏ2,யூனிகேர்(3014)&யூனிகேர்(3006),யூனிகேர்(3018)) என்பது பிரிந்த ொ-வைச் சேர்க்கும்; ோ-வுக்கு 3015, 3006, 3019. இதே காரணத்தால் லெஃப்ட், ரைட், மிட் ஆகியவற்றைத் தமிழில் அப்படியே நம்ப முடியாது. அவை நாம் எழுத்து என்று நினைப்பதை எண்ணுவதில்லை. லென்("தமிழ்") 5, லெஃப்ட்("தமிழ்",2) 'தம' என்று வரும். பெயரின் முதலெழுத்தைப் பிரிக்க லெஃப்ட் போட்டால் 'கோமதி'க்கும் 'கீதா'வுக்கும் 'க'தான் கிடைக்கும்.

கோட்டிலேயே நட்சத்திரக் குறியோ கேள்விக்குறியோ இருந்தால், உதாரணமாக அளவைக் குறிக்க 12*18 என்று எழுதியிருந்தால், விலுக்அப் அந்த நட்சத்திரத்தை 'இங்கே எது வேண்டுமானாலும் வரலாம்' என்று எடுத்துக்கொள்ளும். 12-இல் தொடங்கி 18-இல் முடியும் முதல் கோட்டின் விலை வந்துவிடும், ஃபால்ஸ் போட்டிருந்தாலும்கூட. சப்ஸ்டிடியூட்(ஏ2,"*","~*") என்று அலைக்குறியை முன்னால் சேர்த்துத் தேடினால் நட்சத்திரம் நட்சத்திரமாகவே இருக்கும். எக்ஸ்லுக்அப்புக்கு இந்த வம்பு கிடையாது, கேட்டால்தான் அது அப்படித் தேடும். ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசத்தை இவற்றில் எதுவும் பார்ப்பதில்லை. அது வேண்டுமென்றால் எக்ஸாக்ட்.

தேதியை வைத்துத் தேடுபவர்களுக்கும் நோய் இதுவேதான், கொஞ்சம் மோசமாக. தேதி என்பது உள்ளே ஒரு எண். 2024 ஜனவரி 1 என்பது 45292. நேரம் அதன் பின்னம், நண்பகல் 0.5. ஒரு பக்கம் தேதி மட்டும், மறுபக்கம் தேதியோடு நேரமும் இருந்து, ஃபார்மேட் நேரத்தை மறைத்திருந்தால், பார்க்க ஒன்று, மதிப்பு வேறு. இன்ட் போட்டுப் பின்னத்தை வெட்டிவிடுங்கள். நாள், மாதம், ஆண்டு வரிசையில் உள்ள ஃபைலை, மாதத்தை முதலில் எழுதும் அமைப்புள்ள கணினியில் திறந்தால் பாதித் தேதிகள் கெட்டுவிடும். 3/4/2024 சத்தமில்லாமல் மார்ச் 4 ஆகிவிடும். 25/4/2024-க்கு 25-ஆவது மாதம் இல்லாததால் எழுத்தாகவே நின்றுவிடும். நெடுவரிசையில் சில தேதிகள் இடப்பக்கமும் சில வலப்பக்கமும் ஒட்டி நிற்பதைக் கண்டால், இடப்பக்கம் நிற்பவற்றை மட்டும் சரிசெய்துவிட்டுப் போய்விடாதீர்கள். வலப்பக்கம் ஒழுங்காகத் தெரிபவைதான் தப்பானவை. மூல ஃபைலிலிருந்து மறுபடி இம்போர்ட் செய்து, அந்த நெடுவரிசைக்கு நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையைச் சொல்வதே ஒழுங்கான வழி.

மொத்தம் இடிப்பதற்கு வருவோம். முதலில் =சம்(சி2:சி4), =சி2+சி3+சி4 இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். விடை வேறுபடலாம். சம் ஃபங்ஷன் ரேஞ்சில் எழுத்தாக உள்ள எண்களைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும். கூட்டல் குறி அவற்றை எண்ணாக மாற்றிக் கூட்டும். வேறுபாடு வந்தால் மேலே சொன்ன எண், எழுத்துச் சிக்கல் தொகை நெடுவரிசையிலும் இருக்கிறது. =கவுண்ட்ஏ(சி2:சி500)-கவுண்ட்(சி2:சி500) எத்தனை செல் அப்படி இருக்கிறது என்று சொல்லும்.

வேறுபாடு சில பைசா அளவுக்குச் சின்னதாக இருந்தால், அது காட்டும் தசமத்துக்கும் சேமித்த தசமத்துக்கும் உள்ள இடைவெளி. மூன்று செல்களில் 10.333 இருந்து, இரண்டு தசமமாகக் காட்டச் சொல்லியிருந்தால், கண்ணுக்கு 10.33 மூன்று முறை. கால்குலேட்டரில் 30.99. செல்லில் 30.999, அது 31.00 என்று தெரியும். தசமத்தைக் குறைக்கும் பட்டன் எதையும் வெட்டுவதில்லை, மறைக்கிறது. பில் போன்றவற்றில் ஒவ்வொரு வரியிலும் =ரவுண்ட்(பி2*சி2,2) போட்டுவிட்டு அவற்றைக் கூட்டுங்கள். அப்போதுதான் அச்சிட்ட தாளை யார் கூட்டிப் பார்த்தாலும் ஒத்துப்போகும். மொத்தத்துக்கு மட்டும் ரவுண்ட் போடுவது இதைத் தீர்க்காது.

இதைவிட நுண்ணியது ஒன்று: =1*(0.5-0.4-0.1) அடித்தால் எக்செலில் 0 வராது, மைனஸில், புள்ளிக்குப் பின் 16 பூஜ்யங்கள் தாண்டி 278 என்று ஒரு எண் வரும். கணினி எண்களை இரண்டடிமானத்தில் வைப்பதால் 0.1, 0.4 போன்றவை துல்லியமாக அடங்குவதில்லை. வெறும் =0.5-0.4-0.1 என்று அடித்தால் 0 என்றே காட்டும், எக்செல் கடைசிக் கழித்தலில் இவ்வளவு சிறிய மிச்சத்தைத் துடைத்துவிடுகிறது. ஆகவே =இஃப்(சி2-டி2=0,...) போன்ற சோதனை ஒரு இடத்தில் சரியாகவும் இன்னொரு இடத்தில் தப்பாகவும் நடந்துகொள்ளும். தசம எண்களைச் சமமா என்று கேட்கும்போதெல்லாம் ரவுண்ட் போட்டுக் கேளுங்கள்.

ஃபில்டர் போட்டிருக்கும்போது சம் மறைந்த வரிகளையும் கூட்டும். தெரிபவை மட்டும் வேண்டுமென்றால் =சப்டோட்டல்(9,சி2:சி500). கையால் மறைத்த வரிகளையும் விட வேண்டுமென்றால் 9-க்குப் பதில் 109. ரேஞ்ச் கடைசி வரி வரை போகிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ரெயின்ஹார்ட், ரோகாஃப் என்ற இரு பொருளாதார அறிஞர்களின் 2010 ஆய்வில் ஆவரேஜ் ஃபார்முலா 30 முதல் 49 வரை போக வேண்டிய இடத்தில் 44-ஆவது வரியோடு நின்றிருந்தது, ஐந்து நாடுகள் விட்டுப்போயின. உலகம் முழுக்க மேற்கோள் காட்டிய அந்த ஆய்வின் பிழையை 2013-இல்தான் ஒரு மாணவர் கண்டுபிடித்தார். பட்டியலைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்+T (D அல்ல) அழுத்தி டேபிளாக மாற்றிவிட்டால், கீழே புது வரி சேர்க்கும்போது ரேஞ்ச் தானாக நீளும். விலைப் பட்டியலுக்கு இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

ஒரு எச்சரிக்கை. #என்/ஏ பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று எல்லாவற்றையும் இஃப்எர்ரர் போட்டு 0 ஆக்கிவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அதைச் செய்யாதீர்கள். இஃப்எர்ரர் #என்/ஏ-வை மட்டும் மறைப்பதில்லை. ஃபங்ஷன் பெயரைத் தப்பாக அடித்ததால் வந்த #நேம்?, நெடுவரிசையை யாரோ அழித்ததால் வந்த #ரெஃப்! எல்லாம் அதே 0-வுக்குள் போய்விடும். விலை கிடைக்காத பொருள் 0 விலைக்குப் போனதாக மொத்தமும் குறையும். #என்/ஏ-வை மட்டும் பிடிக்கும் இஃப்என்ஏ பயன்படுத்தி, 0-வுக்குப் பதில் "பட்டியலில் இல்லை" என்று எழுத வையுங்கள். அடுத்த நெடுவரிசையில் எண்ணிக்கையோடு பெருக்கும்போது அந்த வரியில் #வேல்யூ! வரும், வரட்டும். விலை தெரியாத பொருளுக்குத் தொகையும் தெரியாது.

ஃபார்முலா சரி, டேட்டா சரி, ஆனால் விடை அசையவே இல்லை என்றால் ஃபார்முலாஸ் டேப்பில் 'கால்குலேஷன் ஆப்ஷன்ஸ்' பாருங்கள். 'மேனுவல்' என்று இருந்தால் எஃப்9 அழுத்தும்வரை எதுவும் மாறாது. நீங்கள் மாற்றாமலேயே இது வரலாம். அன்றைக்கு முதலில் திறந்த ஃபைல் மேனுவலில் சேமித்ததாக இருந்தால், பிறகு திறக்கும் எல்லா ஃபைலுக்கும் எக்செல் அதையே பிடித்துக்கொள்ளும். விடைக்குப் பதில் ஃபார்முலாவே எழுத்தாகத் தெரிந்தால் அந்தச் செல் டெக்ஸ்ட் ஃபார்மேட்டில் இருக்கிறது. 'ஜெனரல்' ஆக்கிவிட்டு எஃப்2, எண்டர்.

நீளமான ஃபார்முலாவில் எந்தத் துண்டு கெட்டது என்று தெரியாவிட்டால், ஃபார்முலா பாரில் அந்தத் துண்டை மட்டும் மவுஸால் தேர்ந்தெடுத்து எஃப்9 அழுத்துங்கள். அதன் விடை அங்கேயே தெரியும். இண்டெக்ஸ், மேட்ச் ஃபார்முலாவில் மேட்ச் பகுதியை மட்டும் இப்படிப் பார்த்தால் 87 என்றோ #என்/ஏ என்றோ சொல்லிவிடும். தப்பு தேடும் பக்கத்தில் இருக்கிறதா, எடுக்கும் பக்கத்தில் இருக்கிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும். பார்த்து முடித்ததும் எஸ்கேப் அழுத்தி வெளியே வாருங்கள். எண்டர் அழுத்தினால் அந்த 87 ஃபார்முலாவுக்குள் நிரந்தரமாக உட்கார்ந்துவிடும்.